டெம்ப்ளேட்டில் ‘ஏ’, ‘ஆன்’ தானாகச் சரியாக விழ என்ன வழி?

அலுவலகக் கடிதங்கள் தயாரிப்பவர்கள் கேட்ட கேள்வி இது. பணி நியமனக் கடிதம், அனுபவச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் வேர்டில் டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு, எக்செல் பட்டியலிலிருந்து மெயில் மெர்ஜ் (பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடிதத்தைத் தானாக நிரப்பும் வசதி) செய்து எடுக்கிறார்கள். ஆங்கில வாசகத்தில் ‘ஏ’ என்று எழுதி, அதற்கு அடுத்து பதவிப் பெயர் வந்து விழும்படி வைத்திருக்கிறார்கள். மேனேஜர் வந்தால் சரியாக இருக்கிறது. இன்ஜினியர் வந்தால் ‘ஏ இன்ஜினியர்’ என்று அச்சாகிவிடுகிறது. பதவியின் முதல் எழுத்து ஏ, இ, ஐ, ஓ, யு என்ற ஐந்தில் ஒன்றாக இருந்தால் ‘ஆன்’ போடு என்று நிபந்தனை எழுதினால் தீர்ந்துவிடுமா? தமிழ்க் கடிதங்களில் வரும் ஒரு, ஓர் இரண்டுக்கும் இதே மாதிரி செய்ய முடியுமா?

தமிழுக்கு அந்த நிபந்தனை ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போதாது. முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடுவோம், தமிழுக்குக் கடைசியில் வருகிறேன். என் பரிந்துரையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கணினியை ஊகிக்க விடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் பதவிகளின் பட்டியல் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எது வரவேண்டும் என்று ஒரு மனிதர் ஒருமுறை பார்த்து எழுதி வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. சூத்திரமும் நிரலும் அந்தப் பட்டியலுக்குள் அடங்காத இடங்களுக்கு மட்டும்.

ஆங்கிலத்தில் ‘ஏ’, ‘ஆன்’ என்ற இந்த இடைச்சொல்லின் தேர்வு ஒலியைப் பார்த்து நடக்கிறது. அடுத்த சொல்லைச் சொல்லும்போது வாயில் முதலில் வருவது உயிரொலி என்றால் ‘ஆன்’, மெய்யொலி என்றால் ‘ஏ’. பள்ளியில் ஐந்து உயிரெழுத்து என்று சுருக்கி மனப்பாடம் செய்ததால், எழுத்துதான் விதி என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. யூனிவர்சிட்டி என்ற சொல் யு எழுத்தில் தொடங்கினாலும் வாயில் வருவது ‘ய’ என்ற மெய்யொலி. எனவே ‘ஏ யூனிவர்சிட்டி’. யூரோப்பியன் என்பது இ எழுத்தில் தொடங்குகிறது, அதற்கும் ‘ஏ’தான். வங்கிக் கடிதங்களில் வரும் ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ ஓ எழுத்தில் தொடங்கினாலும் அதன் ஒலி ‘வ’, அதற்கும் ‘ஏ’. எதிர்த் திசையிலும் நடக்கும். ஹவர், ஹானஸ்ட், ஹானரரி மூன்றிலும் எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. சங்கங்களின் ஆங்கிலக் கடிதத்தில் ‘ஆன் ஹானரரி செகரெட்டரி’ என்றுதான் வரவேண்டும்.

அலுவலக ஆவணங்களில் உண்மையான தொல்லை யு எழுத்துதான். இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பில் ‘யுனானிமஸ் ரெசல்யூஷன்’ என்று வரும், அதற்கு ‘ஏ’. கடன் ஒப்பந்தத்தில் ‘அன்செக்யூர்ட் லோன்’ என்று வரும், அதற்கு ‘ஆன்’. இரண்டு சொல்லும் யு, என் என்ற அதே இரண்டு எழுத்தில் தொடங்குகின்றன. சரி, மூன்றாவது எழுத்தையும் பார்க்கலாமே என்று தோன்றும். அப்படிப் பார்க்கும் ஒரு மென்பொருளே இருக்கிறது: கதை, கவிதை வாக்கியங்களைத் தானாக உருவாக்கப் பலர் பயன்படுத்தும் ட்ரேசரி. சொல் யு-வில் தொடங்கி மூன்றாவது எழுத்து ஐ-யாக இருந்தால் அது ‘ஏ’ போடும். யூனிட், யூனியன், யூனிஃபார்ம், யூனிவர்சிட்டி எல்லாம் இதில் சரியாக வந்துவிடும். யூசர் வந்தால் ‘ஆன் யூசர்’ ஆகிவிடும். சட்ட ஆவணத்தில் அடிக்கடி வரும் ‘அன்இன்கார்ப்பரேட்டட் அசோசியேஷன்’ வந்தால் மூன்றாவது எழுத்து ஐ என்பதால் ‘ஏ’ விழும். அதற்கு வேண்டியது ‘ஆன்’. கதைக்கு அந்த விதி போதும், ஒப்பந்தத்துக்குப் போதாது.

அடுத்தது சுருக்கப் பெயர்கள். இந்திய அலுவலகக் கடிதத்தில் இவை இல்லாத பக்கமே இருக்காது. எழுத்து எழுத்தாகப் படிக்கும் சுருக்கம் என்றால், முதல் எழுத்தின் பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் என்ற 12 எழுத்துகளின் பெயரும் உயிரொலியில் தொடங்கும். எனவே ‘ஆன் எம்பிஏ’, ‘ஆன் எஃப்ஐஆர்’, ‘ஆன் என்ஓசி’, ‘ஆன் எல்எல்பி’, ‘ஆன் ஆர்டிஐ’. யு அந்தப் பட்டியலில் இல்லை; எனவே ‘ஏ யுபிஐ’, ‘ஏ யுஏஎன்’. எச் எழுத்தை ‘ஹெச்’ என்று சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படிச் சொல்பவர் காதுக்கு ‘ஏ எச்ஆர்’தான் இயல்பாகப் படும். எழுதும்போது ‘ஆன் எச்ஆர்’ என்பதுதான் பெருவழக்கு, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாச் சுருக்கமும் எழுத்து எழுத்தாகப் படிக்கப்படுவதில்லை. எஸ்எம்எஸ் என்பதற்கு ‘ஆன்’. சிம் கார்டுக்கு ‘ஏ’. இரண்டும் எஸ் எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கம்தான். எல்இடிக்கு ‘ஆன்’, லேன் இணைப்புக்கு ‘ஏ’. இதை எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. அந்தச் சுருக்கத்தை மனிதர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இதை யாரும் கவனிப்பதில்லை. நம் ஊர் ஆவணங்களில் இது தினமும் வருகிறது. வாடகை ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அதனால் 11 மாதம் என்று போடும் பழக்கம் நாடு முழுக்க வேரூன்றிவிட்டது. 11 என்பதை ‘லெவன்’ என்று நாம் பேச்சில் சுருக்கினாலும் அதன் உச்சரிப்பு ‘இலெவன்’. எனவே ஆங்கில வாசகம் ‘ஆன் 11 மன்த் லீஸ்’ என்றுதான் இருக்கவேண்டும். டெம்ப்ளேட்டில் மாத எண்ணிக்கை ஒரு புலமாக (தரவு வந்து நிரம்பும் இடமாக) இருந்து, அதற்கு முன்னால் ‘ஏ’ என்று நிலையாக எழுதியிருந்தால், மிக அதிகமாக அச்சாகும் ஒப்பந்தமே பிழையோடு வெளியே போகும்.

எண்ணுக்கு மட்டும் கணினியை நம்பலாம், ஏனென்றால் விதி திட்டவட்டமானது. முதல் இலக்கம் 8 என்றால் எப்போதும் ‘ஆன்’. 8, 80, 850, 8,000 எல்லாமே ‘எய்ட்’ அல்லது ‘எய்ட்டி’ என்றுதான் தொடங்கும். மீதி உள்ளவற்றில் 11, 18 என்ற இரண்டில் தொடங்குபவை மட்டும் சிக்கல். 11 மாதத்துக்கு ‘ஆன்’. 110 பேருக்கு ‘ஏ’, ஏனென்றால் அது ‘ஒன் ஹண்ட்ரட்’ என்று தொடங்குகிறது. 11,000 ரூபாய்க்கு மறுபடியும் ‘ஆன்’. அதாவது மொத்தம் எத்தனை இலக்கம் என்று எண்ணவேண்டும். இங்கேதான் நம் லட்சமும் கோடியும் வெளிநாட்டு நிரலோடு மோதுகின்றன. 11,00,000 என்ற தொகையை நாம் ‘லெவன் லேக்’ என்று படிக்கிறோம், ‘ஆன்’ வேண்டும். அதே தொகையை மில்லியன் கணக்கில் ‘ஒன் மில்லியன் ஒன் ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்று படித்தால் ‘ஏ’ வேண்டும். 1,10,00,000 என்றால் நமக்கு ‘ஒன் குரோர் டென் லேக்’, எனவே ‘ஏ’; மில்லியன் கணக்கில் படிப்பவர்களுக்கு ‘லெவன் மில்லியன்’, எனவே ‘ஆன்’. ஒரே தொகை, படிக்கும் முறையை ஒட்டி இடைச்சொல் மாறுகிறது. 11 அல்லது 18-இல் தொடங்கும் எண்ணில் 2, 5, 7, 9 இலக்கங்கள் இருந்தால் இந்திய முறையில் ‘ஆன்’. மில்லியன் முறையில் 2, 5, 8, 11 இலக்கங்கள் இருந்தால் ‘ஆன்’. தயாராகக் கிடைக்கும் நிரலை எடுத்துப் போடுபவர்கள் ஒரு 11 லட்ச ரூபாய்க் கடன் கடிதத்தை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இலக்கத்தை எண்ணுவதற்கு முன் காற்புள்ளிகளையும் ₹ குறியையும் நீக்கிவிடவேண்டும். குறி முன்னால் எழுதப்பட்டாலும், தொகை அடைமொழியாக வரும்போது படிப்பது எண்ணிலிருந்துதான். தசமப் புள்ளி இருந்தால் புள்ளிக்கு முன்னால் உள்ள இலக்கங்களை மட்டும் எண்ணுங்கள். ஒன்றை மட்டும் விதியால் தீர்க்க முடியாது: 1,100, 1,800 போன்ற நாலு இலக்க எண்கள். அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தில் 1,800 சதுர அடியைச் சிலர் ‘எய்ட்டீன் ஹண்ட்ரட்’ என்று படிப்பார்கள், சிலர் ‘ஒன் தவுசண்ட் எய்ட் ஹண்ட்ரட்’ என்பார்கள். அங்கே ‘ஏ ஃபிளாட் மெஷரிங்’ என்று எழுதிவிட்டு எண்ணைப் பின்னால் தள்ளிவிடுங்கள். எண்ணுக்கு முன்னால் இடைச்சொல்லே வராது.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். எக்செல்லில் தனியாக ஒரு தாளைத் திறந்து, முதல் நெடுவரிசையில் உங்கள் நிறுவனத்தின் பதவிகள் அனைத்தையும், இரண்டாவதில் அதற்கு முன்னால் வரவேண்டிய சொல்லையும் எழுதுங்கள். மெர்ஜுக்குப் போகும் தாளில் வீலுக்கப் (பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்செல் சார்பு) மூலம் அந்தச் சொல்லை எடுத்து ஒரு புலமாக வையுங்கள். டெம்ப்ளேட்டில் ‘ஏ’ இருந்த இடத்தில் அந்தப் புலம் நிற்கும். வீலுக்கப்பின் கடைசி மதிப்பு ‘ஃபால்ஸ்’ என்று இருக்கவேண்டும், அப்போதுதான் அச்சொட்டாகப் பொருந்தும் பதவியை மட்டும் தேடும். பட்டியலில் இல்லாத புதுப் பதவி வந்தால் அந்த அறையில் பிழைக்குறி காட்டும். அது காட்டட்டும். இஃப்எரர் போட்டு, கிடைக்காவிட்டால் ‘ஏ’ என்று வைத்துவிட்டீர்கள் என்றால் பிழை மௌனமாகக் கடிதத்துக்குள் போய்விடும். பிழைக்குறி இருந்தால் கடிதம் எடுப்பவர் நின்று பார்ப்பார், பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்.

இந்தப் பட்டியலில் இன்னொரு நன்மையும் உண்டு. விடை எப்போதும் ‘ஏ’ அல்லது ‘ஆன்’ என்று இரண்டில் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. மேனேஜிங் டைரக்டர் போல ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவிக்கு முன்னால் எதுவும் போடாமல் விடுவது ஆங்கிலத்தில் இயல்பு. அந்த அறையைக் காலியாக விடலாம். சொத்துப் பட்டியல், பொருள் ஒப்படைப்புக் கடிதம் என்று வந்தால் இது இன்னும் முக்கியம். எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர்கள். ‘ஆன் எக்விப்மென்ட்’ என்பதில் ஒலி விதி சரி, ஆனால் ஆங்கிலம் தவறு. எவ்வளவு நல்ல நிரலாக இருந்தாலும் அது ஒலியை மட்டும்தான் பார்க்கும். இங்கே எதுவுமே வரக்கூடாது என்று அதற்குத் தெரியாது. பட்டியல் எழுதிய மனிதருக்குத் தெரியும்.

எக்செல் பக்கம் போகாமல் வேர்டுக்குள்ளேயே முடிக்கவேண்டும் என்றால் அதற்கு நிபந்தனை எழுதும் இஃப் புலம் இருக்கிறது. சமம் என்ற குறியோடு ஒப்பிடும்போது நட்சத்திரக் குறியை அது ஏற்றுக்கொள்ளும். எனவே ‘இ எழுத்தில் தொடங்கும் எதுவானாலும்’ என்று எழுத முடியும். புலத்துக்கான வளைந்த அடைப்புக்குறியைக் கண்ட்ரோல், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்தித்தான் கொண்டுவரவேண்டும். விசைப்பலகையில் தட்டிய அடைப்புக்குறி வெறும் எழுத்தாகவே நிற்கும். ஐந்தாறு பதவி மட்டும் இருக்கும் சிறிய அலுவலகத்துக்கு இது போதும். விதிவிலக்கு சேரச் சேர ஒன்றுக்குள் ஒன்றாக இஃப் அடுக்கவேண்டி வரும். அடுத்து அந்த டெம்ப்ளேட்டைத் திறப்பவருக்கு ஒன்றும் புரியாது. எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை.

பட்டியல் வைத்தும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இடைச்சொல் பெயர்ச்சொல்லைப் பார்ப்பதில்லை, தனக்கு அடுத்து நிற்கும் சொல்லைத்தான் பார்க்கிறது. ‘ஆன் இன்ஜினியர்’ சரி. நடுவில் சீனியர் வந்தால் ‘ஏ சீனியர் இன்ஜினியர்’. மேனேஜருக்கு ‘ஏ’, அசிஸ்டன்ட் மேனேஜருக்கு ‘ஆன்’. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு மட்டும் ‘டெம்பரரி’ என்ற சொல் தோன்றும்படி டெம்ப்ளேட்டில் நிபந்தனை வைத்திருந்தால், பதவியோடு சேர்த்து வைத்த ‘ஆன்’ அங்கே பொய்த்துவிடும். அதற்கு இரண்டு வழி. அடைமொழியோடு சேர்ந்த முழுத் தொடரையும் எக்செல்லிலேயே ஒரே அறையில் கட்டிவிட்டு, அந்தத் தொடருக்கு இடைச்சொல்லைத் தேடலாம். அல்லது டெம்ப்ளேட்டில் இடைச்சொல் வரவேண்டிய இடத்தில் ஓர் அடையாளக்குறியை வைத்து, ஆவணம் முழுதும் நிரம்பிய பிறகு கடைசி வேலையாக, குறிக்கு அடுத்து என்ன சொல் வந்திருக்கிறது என்று பார்த்து மாற்றலாம்.

பைத்தான் நிரல்மொழியும் ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் கருவியும் வைத்து வேர்டு கோப்பு தயாரிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் சரி. கவனிக்கவேண்டியது ஒன்று: வேர்டு கோப்புக்குள் உரை துண்டு துண்டாகச் சேமிக்கப்படுகிறது. நீங்கள் குறியைப் பாதி தட்டி நிறுத்தி, திருத்தி, பாதிக்குத் தடித்த எழுத்து கொடுத்திருந்தால், திரையில் ஒரே சொல்லாகத் தெரியும் குறி உள்ளே இரண்டு மூன்று துண்டாக இருக்கும். தேடும் நிரலுக்கு அகப்படாது. குறியை வேறு இடத்தில் முழுதாகத் தட்டி, வடிவமைப்பு இல்லாத வெறும் உரையாக ஒட்டுங்கள். குறிக்கு அடுத்து மேற்கோள் குறியோ அடைப்புக்குறியோ வந்தால் அதைத் தாண்டி முதல் எழுத்தைப் பார்க்கவும் நிரலுக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வரும் சொல் என்னவென்றே முன்கூட்டித் தெரியாத டெம்ப்ளேட்டும் இருக்கும். வாடிக்கையாளர் தன் தொழிலைத் தானே தட்டச்சு செய்கிறார் என்று வையுங்கள். அங்கே பட்டியல் உதவாது. பைத்தானில் இன்ஃப்ளெக்ட் என்று ஒரு நூலகம் இருக்கிறது. டேமியன் கான்வே பெர்ல் மொழிக்கு எழுதிய தொகுதியின் வழியில் வந்தது. ஒலியில்லாத எச், யு-வில் தொடங்கும் சொற்கள், சுருக்கப் பெயர்கள் என்று பலவற்றுக்கும் தனித்தனி விதிகள் அதில் உண்டு. நம் தேவைக்கு ஏற்ப விதிவிலக்கைச் சேர்க்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். அதைவிட நுட்பமாக வேண்டும் என்றால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இருக்கிறது. 1,30,000-க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களின் ஒலிக்கோவை அதில் கிடைக்கும். உயிரொலிகளுக்கு மட்டும் அழுத்தத்தைக் காட்டும் 0, 1, 2 என்ற இலக்கங்களில் ஒன்று ஒட்டியிருக்கும். எனவே முதல் ஒலிக்குறியில் இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், ‘ஆன்’ வேண்டுமா என்று தெரிந்துவிடும். அது அமெரிக்க உச்சரிப்பு என்பதை மறக்கவேண்டாம். ஹெர்ப் என்ற சொல்லில் அமெரிக்கர் பெரும்பாலும் எச் ஒலிப்பதில்லை. ‘ஆன் ஹெர்ப்’ என்பார்கள். நாம் எச் சேர்த்தே சொல்கிறோம். ஒரு சித்த மருந்து நிறுவனத்தின் கடிதத்தில் ‘ஏ ஹெர்பல் ப்ராடக்ட்’ என்று வருவதுதான் இங்கே படிப்பவருக்குச் சரியாகப் படும்.

சொற்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்றால் எவ்வளவு எளிதாக முடிக்கலாம் என்பதற்கு 1987-இல் வெளிவந்த நெட்ஹேக் விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. திரையில் பொருள்களின் பெயரை ஆங்கில வாக்கியமாகக் காட்டவேண்டும். அதன் நிரலில் உயிரெழுத்தைப் பார்க்கும் சாதாரண விதிதான் இருக்கிறது. கூடவே யூனிகார்ன், யுரேனியம், யூகலிப்டஸ், யூஸ்ஃபுல் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில சொற்களை மட்டும் விதிவிலக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விளையாட்டுக்குள் வரக்கூடிய பொருள்கள் எவை என்று அவர்களுக்குத் தெரியும், எனவே அது போதுமானதாக இருக்கிறது. உங்கள் அலுவலகத்தின் பதவிப் பட்டியல் அந்த விளையாட்டின் பொருள் பட்டியலைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு மட்டும் வாய்த்த இன்னொரு வசதியும் உண்டு. பல தரவுத் தாள்களில் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிய பெயரும் இருக்கும். தமிழ் எழுத்து ஒலியைக் காட்டுவதால், ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியவுடன் விடை வெளியே தெரிகிறது. யூனியன் என்று ய-வில் தொடங்குகிறது, ‘ஏ’ போடு. அன்செக்யூர்ட் என்று அ-வில் தொடங்குகிறது, ‘ஆன்’ போடு. எம்பிஏ, எஃப்ஐஆர், எஸ்எம்எஸ் எல்லாம் எ-வில் தொடங்குகின்றன. சிம், லேன், யுபிஐ மெய்யொலியில் தொடங்குகின்றன. எழுத்தை வைத்து எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது என்று மேலே சொன்னவை இங்கே தானாகப் பிரிந்துவிடுகின்றன. ஹவர், ஹானரரி ஆகியவற்றை நாம் ஹ போட்டு எழுதுவதாலும், ஒன் என்பதை ஒ போட்டு எழுதுவதாலும் அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும். உமன் என்று எழுதும் வழக்கமும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரில் இந்த வழியை நம்பாதீர்கள். ஏற்காடு, ஏலகிரி இரண்டும் தமிழில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஆங்கிலத்தில் ஒய் போட்டு எழுதுகிறோம், எனவே அங்கே ‘ஏ’. ஈரோடு, ஊட்டி, உடுமலைப்பேட்டை என்றால் ‘ஆன்’.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வாக்கியத்துக்கு அந்த இடைச்சொல் தேவையா? ‘ஏ’ போட்டுப் பதவியைச் சொல்வதற்குப் பதில் ‘தி போஸ்ட் ஆஃப்’ என்று எழுதிப் பதவியைப் போட்டால் எந்தப் பதவி வந்தாலும் வாக்கியம் சரியாக நிற்கும். நியமனக் கடிதத்துக்கு அந்த நடை பொருத்தமாகவும் இருக்கும். ‘ஏ’ எழுதி, அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, ‘ஏ’, ‘ஆன்’ இரண்டையும் ஒரே இடத்தில் எழுதும் பழக்கம் வெறும் படிவத்துக்குச் சரி. ஒருவர் பெயருக்கு வரும் கடிதத்தில் அது வந்தால், தனக்காக எழுதிய கடிதம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சியோடு ஒரு பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் காட்டப்போகும் தாள் அது. அந்த அளவுக்காவது நாம் கவனம் எடுக்கவேண்டும்.

இப்போது தமிழ். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர், உயிர்மெய்யில் தொடங்கினால் ஒரு. ஓர் ஆண்டு, ஓர் ஊர், ஓர் இயக்குநர். ஒரு மாதம், ஒரு கடிதம், ஒரு யானை. சொல்வதைத்தான் எழுதுகிறோம் என்பதால் முதல் எழுத்தைப் பார்த்தாலே போதும். யூனிகோடில் அ முதல் ஔ வரை உள்ள உயிரெழுத்துகள் 2949 முதல் 2964 வரையான எண்களுக்குள் வரிசையாக இருக்கின்றன. 2965-இல் க தொடங்குகிறது. எக்செல் 2013 முதல் யூனிகோட் என்றே பெயர் கொண்ட ஒரு சார்பு இருக்கிறது. அது முதல் எழுத்தின் எண்ணைத் தரும். அந்த எண் 2949-க்குக் குறையாமலும் 2964-ஐத் தாண்டாமலும் இருந்தால் ஓர், இல்லாவிட்டால் ஒரு. சூத்திரம் அவ்வளவுதான். கீழ் எல்லையை 2949 என்றே வையுங்கள். ஆய்த எழுத்தின் எண் 2947. எல்லையைத் தளர்த்தினால் ஃபைல், ஃபேன் போன்ற சொற்களுக்கு முன்னால் ஓர் வந்துவிடும்.

இந்தச் சூத்திரம் தவறினால் காரணம் பெரும்பாலும் தரவில் இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் என்றால், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தின் எண்களாக இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய சொல்லுக்கு முன்னால் 160 என்ற எண்ணுள்ள இடைவெளி ஒளிந்திருக்கலாம்; ட்ரிம் சார்பு சாதாரண இடைவெளியை மட்டும்தான் நீக்கும், இதை விட்டுவிடும். சுருக்கப் பெயரை ஆங்கில எழுத்திலேயே விட்டிருந்தால் சூத்திரம் ஒரு என்று போடும். எம்பிஏ என்று தமிழில் எழுதினால் சரியாக ஓர் வரும்.

பேச்சில் ஒரு ஆள், ஒரு ஊர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நல்ல உரைநடையிலும் சிலர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அலுவலகக் கடிதத்தில் விதிப்படி எழுதுங்கள், செலவில்லாமல் கிடைக்கும் நேர்த்தி அது. ஆனால் தமிழ் டெம்ப்ளேட்டில் ஒரு என்ற சொல் எத்தனை இடத்தில் உண்மையாகவே வேண்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆங்கில வாசகத்தை வைத்துக்கொண்டு எழுதியதால், ‘அவர் எங்கள் நிறுவனத்தில் ஒரு பொறியாளராகப் பணிபுரிகிறார்’ என்று வந்திருக்கும். ‘பொறியாளராகப் பணிபுரிகிறார்’ என்பதுதான் தமிழ். ஒரு என்பதை எடுத்துவிட்டால் சூத்திரமும் தேவைப்படாது.

தமிழ் டெம்ப்ளேட்டில் அதிகமாகக் கண்ணை உறுத்துவது ஒரு, ஓர் அல்ல, வேற்றுமை உருபு. ஊர்ப் புலத்துக்குப் பின்னால் ‘இல்’ என்று ஒட்டி வைத்தால் ‘சென்னைஇல்’, ‘ஈரோடுஇல்’, ‘காஞ்சிபுரம்இல்’ என்று வருகிறது. சென்னையில், ஈரோட்டில், காஞ்சிபுரத்தில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் புணர்கிறது. இதற்கும் விதி எழுதலாம், ஆனால் அவசியமில்லை. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38தான். இல் சேர்ந்த வடிவத்தையும் கு சேர்ந்த வடிவத்தையும் தனித்தனி நெடுவரிசையில் கையால் எழுதி வைத்துவிடுங்கள். ஒரு மதிய நேர வேலை. ஆட்களின் பெயரை அப்படிப் பட்டியலிட முடியாது. அங்கே பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ என்று போட்டு உருபை அதோடு சேர்த்துவிடுங்கள்: கவிதா அவர்களுக்கு, முருகன் அவர்களின், ஃபாத்திமா அவர்களை. பெயர் எப்படி முடிந்தாலும் வாக்கியம் கெடாது. தொகைக்கும் இதே வழிதான்: எண்ணோடு ‘ஐ’ ஒட்டாமல் ‘₹11,00,000 தொகையை’ என்று எழுதுங்கள். கிராமப் பெயருக்கு ‘என்ற ஊரில்’ என்று எழுதலாம். ஆதார் எண், கோப்பு எண் வரும் இடங்களில் உருபே வராதபடி அவற்றைக் கடிதத்தின் மேற்பகுதியில் ‘பார்வை’ வரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.